சம்பந்தி முகம் திருப்பிய புரோமோ

'கோமளவல்லி' சீரியலைப் பற்றிப் பகவதியம்மாளிடம் தர்க்கம் பண்ணி ஜெயித்தவர் வில்லுக்குறியில் யாரும் இல்லை. அந்தச் சீரியல் ஆரம்பித்தபோது அவள் மகள் ரஷ்மி யூனிபார்ம் போட்டுப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது ரஷ்மிக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. கோமளவல்லி மட்டும் இன்னும் அதே மாமியாரிடம் அதே சாவிக்கொத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.

போன வருஷம் கோமளவல்லி தன் மாமியாரைக் கன்னத்தில் அறைந்தாளா இல்லையா என்று வீட்டில் ஒரு பெரிய சண்டை நடந்தது. புரோமோவில் பார்த்தால் கோமளவல்லி கையை ஓங்குகிறாள், 'பளார்' என்று ஒரு சத்தம், மாமியார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எபிசோடில் அவள் கை ஓங்கியது கோயில் மணியை அடிக்க. மாமியார் கன்னத்தைப் பிடித்தது பல்வலியில். இதைக் கண்ணால் கண்டவர் பகவதியம்மாளின் புருஷன் கணபதியப்பன். தக்கலையில் உரக்கடை வைத்திருக்கிறார். அன்றைக்குக் கடையில் கரண்டு இல்லாததால் சீக்கிரம் வீட்டுக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார்.

"ஏட்டி, அது கோயில் மணியில்லா?"

"நீங்க ஒண்ணு. அறைஞ்சத நான் எத்தன மட்டம் பாத்தேன் தெரியுமா?"

அதுதான் விஷயம். புரோமோ காலையில் வருகிறது, மத்தியானம் வருகிறது, செய்திக்கு நடுவில் வருகிறது, போனிலும் வருகிறது. எபிசோடு ஒரே ஒரு தடவைதான் வருகிறது, அதுவும் பாதி நேரம் அடுப்பில் பால் பொங்கும். நூறு தடவை கண்டதை நம்புவார்களா, ஒரு தடவை கண்டதை நம்புவார்களா? கணபதியப்பன் நல்ல மனுஷர், வாயை மூடிக்கொண்டார்.

ரஷ்மி கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க பகவதியம்மாள் அபிலாஷைப் பிடித்ததும் இந்தப் பைத்தியத்தில்தான். தக்கலை பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக ஸ்டுடியோ போட்டிருந்தான். அதற்குமுன் சென்னையில் சீரியல்களுக்குப் புரோமோ வெட்டுகிற வேலை.

"கோமளவல்லி அறைஞ்ச புரோமோ நான் வெட்டினதாக்கும்மா."

"அப்பம் அறைஞ்சது உள்ளதுதானே?"

அபிலாஷ் பிழைக்கத் தெரிந்தவன். "பின்ன இல்லாமலா?" என்றான். அட்வான்ஸ் உடனே கைக்கு வந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை ஹரிகுமார், ஊர் இரணியல். மின்வாரியத்தில் வேலை. தங்கமான பையன். அவன் அம்மா உலகம்மாள் கொஞ்சம் கனத்த உடம்பு, கண்ணாடி போட்டவள், சத்தமாகப் பேசுகிறவள். தாலி கட்டியானதும் பகவதியம்மாள் சம்பந்திக்குக் குங்குமம் நீட்டினாள், அவள் எடுத்து வைத்துக்கொண்டாள், போளியும் பாயசமும் பிரமாதம் என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு குறையும் இல்லை.

அடுத்த வாரம் அபிலாஷ் டீசர் அனுப்பினான். முழு வீடியோவுக்கு முன்னோட்டமாம், நாற்பது செகண்டு. 

முதலில் ஒரே இருட்டு. அப்புறம் ஓர் இடி. கல்யாணத்தன்று வெயில் மண்டையைப் பிளந்தது, இடி எங்கிருந்து வந்ததென்று அபிலாஷுக்குத்தான் வெளிச்சம். ரஷ்மி மாலையோடு தலைகுனிந்து வருகிறாள். கணபதியப்பன் ஒரு கண்ணைச் சுருக்கி ஓரமாகப் பார்க்கிறார். பல்லிடுக்கில் மாட்டிய பாக்கை நாக்கால் நெம்பிக்கொண்டிருந்த நேரம் அது, ஆனால் பார்த்தால் யாரையோ தீர்த்துக்கட்டத் திட்டம் போடுகிற மாதிரி இருந்தது. பிறகு பகவதியம்மாள் குங்குமச் சிமிழை நீட்டுகிறாள். உலகம்மாள் வெடுக்கென்று முகத்தைத் திருப்புகிறாள். 'டொய்ங்'. மறுபடியும் திருப்புகிறாள். 'டொய்ங்'. மூன்றாவது தடவை பையப் பைய, சிவப்பு வெளிச்சத்தில் திருப்புகிறாள். 'உறவா? பகையா?' என்று எழுத்து வந்து முடிந்தது.

முதல் தடவை பார்த்தபோது பகவதியம்மாள் சிரித்தாள். "சீரியல் கணக்கால்லா இருக்கு!" என்று சொந்தக்காரர் குரூப்பில் அவளேதான் போட்டாள். போட்ட சூட்டோடு நாகர்கோவிலிலிருந்து தங்கை சிவப்ரியா கூப்பிட்டாள்.

"யக்கா, ஒனக்கு ரோசம் உண்டா இல்லியா?"

"என்னத்துக்குட்டி?"

"மங்கல காரியத்துல நீ குங்குமத்த நீட்டுக, அவ மூஞ்சியத் திருப்புகா. அத நீயே ஊருக்கெல்லாம் அனுப்பிட்டுச் சிரிக்க. நான் ஸ்லோ பண்ணிப் பாத்தேன். ஒதட்டக் கவனி. 'சீ'ன்னுதான் சொல்லுகா."

பகவதியம்மாள் கவனித்தாள். அடுப்படியில் நின்று கவனித்தாள், கட்டிலில் படுத்துக் கவனித்தாள். பத்துப் பதினைந்து தடவை ஆனபோது உதடு 'சீ' என்றது. முப்பதாவது தடவையில் கண்ணிலும் இளக்காரம் தெரிந்தது. கல்யாணத்தன்று பக்கத்தில் நின்றவள் அவள்தான். உலகம்மாள் ஒரு மூச்சு நேரம் எங்கோ திரும்பினாள், திரும்பி வந்து குங்குமத்தை எடுத்தாள், பந்தி விசாரித்தாள். அதெல்லாம் இப்போது மங்கிப்போய், அந்த 'டொய்ங்' மட்டும் மிச்சமாக நின்றது. நடந்த கல்யாணத்தில் யாரும் 'டொய்ங்' அடிக்கவில்லை என்பது அவளுக்கு மறந்தே போய்விட்டது.

"பாயசம்கூடக் குடிக்கல்ல அவ" என்றாள் புருஷனிடம்.

"ஏட்டி, நாந்தானே ஊத்தினேன்! ரெண்டாமதும் கேட்டு வாங்கினா. குங்குமம் வேண்டாம்னவ பாயசத்த ரெண்டு மட்டம் வாங்குவாளா?"

"வயித்துக்கு என்ன தெரியும்? மனசுல்லா முக்கியம்."

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் அவளுக்குச் சிரிப்பாக இல்லை. ஒற்றை மகள். இருபத்திநாலு வருஷம் கூடவே கிடந்தவளைத் தன்னைக் கண்டால் முகம் திருப்புகிறவள் வீட்டில் கொண்டு விட்டுவிட்டோமே என்று நினைத்து, காய் நறுக்கும்போது தனியாக அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் போனை எடுத்து டீசரைப் பார்த்தாள்.

ரஷ்மி போன் பண்ணினாள். குரல் கட்டியிருந்தது.

"என்ன மக்கா, கொரலு ஒருமாதிரி கெடக்கு?"

"தடுமம்மா. தண்ணி மாறினதுல மூக்கு ஒழுகிட்டே இருக்கு."

"தடுமம்! அம்மைக்குத் தெரியாதாக்கும்? அழாத மக்கா."

"நான் எங்கம்மா அழுகேன்? மாமி எனக்கு..."

"பேரச் சொல்லாத. பக்கத்துல நிப்பா. ஒண்ணும் மிண்டாத, நான் நேர்ல வந்து பாத்துக்கிடுகேன்."

வைத்துவிட்டாள். அடுத்தடுத்த நாட்களிலும் ரஷ்மி கூப்பிட்டாள். வாயைத் திறக்குமுன் இவள் "எல்லாம் தெரியும் மக்கா" என்று ஆறுதல் சொல்லி வைத்துவிடுவாள்.

நேரில் போகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. அடுக்களை காணல். பெண் வீட்டார் பாத்திரம் பண்டமும் பலகாரமும் கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், அங்கே அடுக்களையைக் கண்டு, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிற முறை. பெண்ணைப் பெற்றவள் போகாவிட்டால் ஊர் பேசும். போய்க் கை நனைக்காமல் திரும்பினால் அதைவிட மோசம். இரண்டு வீட்டுக்கும் உறவு முறிந்தது என்று அர்த்தம். அதன்பிறகு அந்தப் பெண் அங்கே யார் முகத்தில் விழிப்பாள்?

"போவேன். கொண்டுபோறத அடுக்களையில வைப்பேன்" என்றாள் பகவதியம்மாள். "ஆனா கை நனைக்க மாட்டேன். அபிலாஷக் கூட்டிட்டு வந்து, முழு வீடியோவையும் அவ வீட்டு டிவியிலேயே போட்டு, எல்லாரும் பாக்க, ஏன் மூஞ்சியத் திருப்பினன்னு கேப்பேன். நேரா பதில் சொன்னாத்தான் எலையில இருப்பேன்."

"பதில் சொல்லல்லன்னா?"

"பிள்ளைய வண்டியில ஏத்திட்டு வந்துருவேன்."

 கணபதியப்பன், சம்பந்தியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை போட்டு வைக்கலாமென்று உலகம்மாளுக்குப் போன் பண்ணினார். "அந்த டீசர்ல மைனி..." என்று முறை வைத்து ஆரம்பித்ததும், சத்தமாகப் பேசுகிற அந்த அம்மாள் பூனை மாதிரி, "அடுப்புல சோறு கெடக்கு, பொறவு கூப்பிடுகேன்" என்று வைத்துவிட்டாள். பொறவு கூப்பிடவே இல்லை. இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டார்.

"பாத்தியளா? குத்தமுள்ள நெஞ்சு!"

ஞாயிற்றுக்கிழமை வேன் நிறையச் சொந்தக்காரர்கள். உருளி, செம்புக்குடம், இட்லிக் கொப்பரை, டின் டின்னாக முந்திரிக்கொத்தும் முறுக்கும், இரண்டு ஏத்தன் வாழைக்குலை. பின்சீட்டில் கேமராவோடு அபிலாஷ். அடுக்களை காணலையும் வீடியோ எடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பி, அந்தப் பாவம் பாட்டு கேட்டுக்கொண்டு வந்தான். முழு வீடியோ ஏற்றிய பென் டிரைவைக் கையோடு கொண்டுவரச் சொன்னது ஏன் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

"வாங்கோ மைனி, வாங்கோ" என்று உலகம்மாள் வாசலுக்கு ஓடி வந்தாள். பகவதியம்மாள் கையைப் பிடித்தாள், ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை.

"நடிப்பு" என்றாள் சிவப்ரியா, காதுக்குள்.

எல்லோரும் அடுக்களைக்குள் போனார்கள். ரஷ்மி கண் சிவந்து நின்றாள். பகவதியம்மாள் அந்தக் கண்ணை மட்டும்தான் பார்த்தாள். பக்கத்திலேயே ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயம் உரித்துக் கிடந்ததை அவள் பார்க்கவில்லை. பாத்திரங்களை வரிசையாக இறக்கி வைத்தாள். வந்த பெண்கள் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்துவிட்டு, கொள்ளாம் கொள்ளாம் என்று தலையாட்டினார்கள். ஹாலில் இலை போட்டார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தாயிற்று. பகவதியம்மாள் மட்டும் உட்காரவில்லை.

"என்ன மைனி, நிக்கியோ? இருங்கோ" என்றாள் உலகம்மாள்.

"ஒரு காரியம் கேக்கணும். கேட்டுட்டுத்தான் இருப்பேன்." பகவதியம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "தாலி கட்டியாச்சு, நான் குங்குமம் நீட்டுகேன். நீங்க எதுக்கு எனக்கு நேரே மூஞ்சியத் திருப்பினியோ? எம் பிள்ளைய ஒங்களுக்குப் பிடிக்கல்லியா? எங்களப் பிடிக்கல்லியா?"

கூட்டுக்கறி விளம்பிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். மாப்பிள்ளை ஹரிகுமார் அம்மாவைப் பார்த்தான். உலகம்மாள் அவசரமாகப் பகவதியம்மாள் கையைப் பிடித்தாள்.

"மைனி, அது அப்பிடியில்ல. உள்ள வாங்கோ, தனியாச் சொல்லுகேன்."

"தனியா வேண்டாம். டேய் அபிலாஷே, போடு முழு வீடியோவ."

அபிலாஷுக்கு இப்போதுதான் உறைத்தது. "அம்மா, அது டீசருக்கு ஒரு பில்டப்பு வேணும்லா, அதுக்காக்கும் நான்..."

"நீ மிண்டாத. போடு."

ரஷ்மி அடுக்களை வாசலில் வந்து நின்று, "யம்மா, நான் சொல்லுகதக் கேளு" என்றாள். யார் கேட்டார்கள்? டிவி ஓடத் தொடங்கிவிட்டது. முழு வீடியோ நாலு மணி நேரம். அபிலாஷ் வேகமாக ஓட்டிவிட்டான். சொந்தபந்தமெல்லாம் கோழி மாதிரி தத்தித் தத்தி ஓடினார்கள், கணபதியப்பன் மூன்று தடவை சாப்பிட்டார். தாலி கட்டு வந்ததும் நிறுத்தி, நிதானமாக விட்டான்.

இதில் இடியில்லை, சிவப்பு வெளிச்சமில்லை. நாதஸ்வரம் காதைக் கிழிக்கிறது. பகவதியம்மாள் சிமிழை நீட்டுகிறாள். டீசரில் உலகம்மாளின் முகம் மட்டும்தான் தெரிந்தது. இதில் அவளுக்குப் பின்னால் நிற்கிற அவள் தங்கச்சியும் தெரிந்தாள், கையில் போனோடு. நாதஸ்வரம் மூச்சு வாங்குகிற இடத்தில் தங்கச்சி சத்தம் தெளிவாகக் கேட்டது.

"யக்கா! கோமளவல்லி செத்துட்டா!"

உலகம்மாள் வெடுக்கென்று திரும்புகிறாள். "ஐயோ! எந்தப் பாவி கொன்னா?"

"தெரியல்ல, இப்பந்தான் புரோமோ வந்திருக்கு. பாடையில கெடத்தியிருக்கு."

திரையில் உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பிக் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்தாள். "ஆள எலையில இருத்தியாச்சா மைனி?" என்று கேட்டாள்.

 முதலில் வெடித்தது கணபதியப்பன். அப்புறம் ஹரிகுமார். பிறகு பந்தியில் இருந்த அத்தனை பேரும் இலையை மறந்து சிரித்தார்கள். உலகம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"மாப்பிளைக்க அம்ம முகூர்த்தத்துல நின்னு சீரியலுக்குக் கண்ணீர் விட்டான்னு ஊருக்குத் தெரிஞ்சா எனக்கு மானம் இருக்குமா மைனி? அந்த டீசரக் கண்டதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல்ல. நீங்க தப்பா நெனச்சிருப்பியோன்னு தெரியும். உள்ளதச் சொல்லவும் நாணமா இருந்து."

 பகவதியம்மாள் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அம்மாடி, மகளை ஒரு கெட்ட வீட்டில் தள்ளவில்லை. அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், நாக்கு நுனியில் வந்து நின்றது வேறொன்று.

"அந்தப் புரோமோவா! அன்னைக்குச் சாயங்காலம் பாத்துட்டு நானும் ஏங்கி ஏங்கி அழுதேன் மைனி. கடைசியில பாத்தா மாமியாக்காரி கண்ட கனவு!"

"அதே! நான் ரெண்டு நாளு வெளக்குகூடக் கொளுத்தல்ல. அந்த மாமியாக்காரிய அன்னைக்கு அறைஞ்சது பத்தாது."

"அறைஞ்சத நீங்களும் பாத்தியளா?"

"பின்ன? கண்ணால பாத்தேன் மைனி!"

பகவதியம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! கணபதியப்பன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அபிலாஷ் ஒயரைச் சுருட்டுகிற சாக்கில் டிவிக்குப் பின்னால் போய்விட்டான். இரண்டு சம்பந்திகளும் கையைப் பிடித்துக்கொண்டு சாவிக்கொத்து, கனவு, மாமியார் என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. சிவப்ரியா மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம், "சத்தத்தப் பொறவு சேத்திருப்பான், இவனுக்கு அது பெரிய காரியமா?" என்றாள்.

அப்போதுதான் ரஷ்மி சோற்றுப் பாத்திரத்தைத் தரையில் 'ணங்' என்று வைத்தாள்.

"போதும்மா" என்றாள். சத்தம் போடவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "மாமி எதுக்குத் திரும்பினாங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். சொல்லத்தான் நான் தெனமும் போன் பண்ணினேன். என்னைய வாயத் தொறக்க விட்டியா? சித்தி பாத்தது நாப்பது செகண்டு. நீயும் அதத்தான் பாத்த. நான் இந்த வீட்டுக்குள்ளயே கெடக்கேன். மாமி எப்பிடி, ஒன்ன நல்லாப் பாக்காங்களான்னு ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டியாம்மா நீ?"

  மகள் சொன்னது அத்தனையும் உண்மை என்று பகவதியம்மாளுக்குத் தெரிந்தது. நாடகக்காரி ஒருத்திக்காக ஒன்பது வருஷம் அழுதவள், பெற்ற பிள்ளை போன் பண்ணினால் இரண்டு நிமிஷம் காது கொடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இத்தனை பேர் முன்னால் வெட்கப்பட்டாலும் பரவாயில்லை என்றும் இருந்தது.

"செரி மக்கா. இப்பம் கேக்கேன்" என்றாள். "எப்பிடி இருக்கா ஒனக்க மாமி?"



ரஷ்மி மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள். "காலம்பற பாத்திரத்த உருட்டியே வீட்ட எழுப்பிருவாங்க. சீரியல் ஓடும்போ தண்ணி கேட்டா கெடைக்காது. பாதி நாளும் கொழம்புல உப்பு போட மறந்துருவாங்க, சொன்னா மொகம் கடுக்கும்." நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள். "எனக்குத் தடுமம் பிடிச்சப்பம் நீ போன்ல, 'பேரச் சொல்லாத, பக்கத்துல நிப்பா'ன்னு சொன்னியே. பக்கத்துலதான் நின்னாங்க. எனக்க நெத்தியில தைலம் தேச்சிட்டு நின்னாங்க."

பகவதியம்மாள் எழுந்தாள். உலகம்மாள் பக்கம் போனாள். அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "நானும் ஒரு கூறுகெட்டவ மைனி" என்றாள். பிறகு போய் இலையில் உட்கார்ந்தாள்.

"தீயல் விடட்டா மைனி?" உலகம்மாளே வாளியைத் தூக்கி வந்து விளம்பினாள். பகவதியம்மாள் பிசைந்து ஒரு வாய் உண்டாள். தீயல் குழம்பில் உப்பே இல்லை.

சிவப்ரியா பக்கத்து இலையிலிருந்து சாய்ந்தாள். "யக்கா, பாத்தியா? வேணும்னுதான் உப்பு போடல்ல."

பகவதியம்மாள் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அடுத்த வாய்க்குப் பிசைந்தாள்.

"அவளுக்கு மறந்து போவும்னு எம் மக சொல்லிட்டா. நீ மிண்டாம தின்னு."